ரீவொர்க்

பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்ட்.
பதினோரு வருஷமாய் ஒரே நுண்ணோக்கிமேல் குனிந்திருக்கிறேன்.
அரிசிமணியில் பாதிகூட இல்லாத சில்லுகள்.
கீறல், கறை, மயிரிழை விரிசல்
கண்டால் ஒரு தட்டு, காணாவிட்டால் இன்னொன்று.
எல்லாவற்றுக்கும் லாட் நம்பர் உண்டு.
எந்த இயந்திரம், எந்தக் கை, எத்தனை மணி,
பின்னாலேயே போனால் தெரிந்துவிடும்.

கிளினிக்கில் மிஸ்ஸி ரொக்காயா
ஒரு பிளாஸ்டிக் குழாயை நீட்டினாள்,
உள்ளே நீளமாய் ஒரு பஞ்சுக் குச்சி.
"நீங்களே எடுக்கலாம். சாக்கிட் இல்லே, அக்கா."
கழிவறைக் கதவைச் சாத்தி
ஒரு காலை வாளி விளிம்பில் ஏற்றி
பத்து எண்ணும்வரை சுழற்றச் சொல்லியிருந்தாள்.
ஆறில் இருந்தேன், யாரோ தட்டினார்கள்.
மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன்.

மூன்று வாரம் கழித்து
பசாரில் கெம்போங் மீன் தராசில் கிடக்கையில்
கைப்பேசி துடித்தது.
பாசிட்டிவ். வகை பதினாறு.

பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்று
பட்டர்வொர்த் மண்டபத்தில் அட்சதை போட்டார்கள்.
அந்தக் கணக்கில் இது இல்லை.

"எங்கேர்ந்து வந்துச்சு?" என்றான் தியாகு,
பாலத்தின் நடுவில், கண்ணைச் சாலையில் வைத்தபடி.
அதே கேள்வியை மூன்று நாளாய்
நானும் அவனுக்கென்று வைத்திருந்தேன்,
தொண்டையில் முள்ளைப் போல.
அவனும் விழுங்கவில்லை, நானும் துப்பவில்லை.
கீழே கடல் கறுப்பாய் இருந்தது.
கரை வரும்வரை வானொலி மட்டும் பேசியது.

பெரியாஸ்பத்திரியில் "மாங்காலேஸ்வாரி" என்று கூப்பிட்டார்கள்.
மங்களேஸ்வரி எழுந்து போனேன்.
டாக்டர் ஊய் சொன்னாள்:
பத்து வருஷம்கூடத் தூங்கும் கிருமி.
அவரா நீங்களா, முன்னாலா பின்னாலா, யாராலும் சொல்ல முடியாது.
ஊரில் பெரும்பாலான பேரைத் தொட்டு, தானாகவே போய்விடும்.
உங்களிடம் தங்கிவிட்டது, அவ்வளவுதான்.

லாட் நம்பர் இல்லாத பழுது.
நான் பார்த்ததே இல்லை.

பிறகு காடியில் நனைத்த பஞ்சு.
அச்சாருக்கு ஊற்றுவோமே, அதே வாடை.
திரையைத் திருப்பிக் காட்டினாள்.
கருப்பை வாய்.
தமிழில் அதற்கு வாய் என்று பேர்;
இரண்டு பிள்ளைகளை வெளியே அனுப்பிய வாய்
தனக்கென்று ஒரு வார்த்தை கேட்டதில்லை.
காடி பட்டதும் ஓரத்தில்
மூச்சு படிந்த கண்ணாடி மாதிரி
வெள்ளையாய் ஒரு திட்டு தெளிந்தது.
"அதோ" என்று அவளுக்கு முன் நான் கைகாட்டினேன்.
அவள் சிரித்துவிட்டாள்.
பதினோரு வருஷப் பழக்கம்.

சின்னத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள்.
புற்று இல்லை. விட்டுவைத்தால் ஆகலாம்.
கிருமிக்கு மாத்திரை கிடையாது,
கிருமி கெடுத்த இடத்தை எடுத்துவிட முடியும்.
மரக்கும் ஊசி, கம்பி வளையம்,
கூரையில் ஒரு பல்லி,
லேசாய்க் கருகும் வாடை.
பல்லி அசையவே இல்லை.

எங்கள் மேசையில் மூன்றாவது தட்டு ஒன்று உண்டு.
அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.
நல்லதும் இல்லை, கழிவும் இல்லை,
கொஞ்சம் கைவைத்தால் ஓடும்.

வீட்டில் ஐஸ்பெட்டிக் கதவில்
லோஷினியின் பள்ளிக் கடிதம், இரண்டு வாரமாய்.
படிவம் ஒன்று மாணவிகளுக்குத் தடுப்பூசி,
பெற்றோர் கையெழுத்து.
"பதிமூணு வயசுல எதுக்கு இதெல்லாம்" என்று
அதன்மேல் மின்சார பில்லை மாட்டியவன் தியாகு.

எம்சியோடு நான் சோபாவில் சாய்ந்திருந்தேன்.
பில்லை எடுத்தான். பேனா தேடினான்.
ஓடாத பேனாவைக் கட்டைவிரல் நகத்தில் கிறுக்கி
ஓட வைத்து, போட்டான்.
பிறகு கடிதத்தைத் திருப்பிப் பார்த்து,
"இதுல பையனப் பத்தி ஒண்ணும் எழுதலயே.
அவனுக்கும் போடலாமா?"

போடலாமாம். காசு கொடுத்து, தனியாரில்.

"எவ்ளோ வெள்ளின்னு நாளைக்கு நானே கேக்குறேன்" என்று
மீனைச் சூடாக்கப் போனான்.
ஆறு மாதத்தில் எனக்கு மறுபடி அந்தக் குச்சி.